தும்பிக்கைத் திறப்பு விழா

மாத்தளை மாவட்டத்தில் எதுவும் தானாகத் திறப்பதில்லை. பாலமாக இருக்கட்டும், பாடசாலைக் கக்கூஸாக இருக்கட்டும், நாலு கம்பி நட்டுத் தகரம் போட்ட பஸ் தரிப்பிடமாக இருக்கட்டும், ஒரு பெரிய மனிதர் வந்து நாடா வெட்டி, பெயர் பொறித்த கல்லின் மேல் தொங்கும் திரையை விலக்கும்வரை அரசாங்கத்தின் கண்ணுக்கு அது மூடியேதான் இருக்கும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதாமலேயே எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற ஒரே விதி இது என்பதால் இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது.

மலைச்சரிவு ஒருங்கிணைப்பு உப அலுவலகத்தின் உதவிப் பணிப்பாளர் ராமநாதன் முப்பது வருஷத்துக்கு மேல் அரச சேவையில் இருந்தும் எதையும் திறந்து வைத்ததில்லை. தினமும் காலையில் தன் அறை ஜன்னலைத் திறப்பார். அதற்கு யாரும் கல் வைப்பதில்லை. மலைச்சரிவுகளை எதனோடு ஒருங்கிணைக்கிறார்கள் என்று அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை, ஆகவே யாருக்கும் தெரியவும் தெரியாது. ஓய்வு பெறுவதற்கு இன்னும் இரண்டு மாதம்தான். அதற்குள் எதிலாவது, எந்த மூலையிலாவது, தன் பெயர் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது. தூக்கத்தில்கூட நாடா வெட்டுகிறார் என்று அவர் மனைவி புஷ்பவதி சாட்சி சொல்லுவாள்.

"ஹுசைன் அண்ணன் உங்களோட ஒன்னா வேலைக்குச் சேர்ந்தவருதானே?" என்று அவள் சோறு போடும்போதெல்லாம் ஆரம்பிப்பாள். "அவரு பேர்ல ஒரு மதகு இருக்கு, ஒரு கிணறு இருக்கு, உக்குவளை ஸ்கூல் கக்கூஸ் இருக்கு."

"கக்கூஸ்ல பேர் இருக்கிறது ஒரு பெருமையா?"

"தெனமும் இருநூறு புள்ளைங்க வாசிக்குது. உங்க பேரை யாரு வாசிக்கிறா? லைட் பில் கொண்டு வாறவன் மட்டுந்தான்."

ராமநாதன் ரசத்தோடு அவமானத்தையும் விழுங்குவார்.

இந்த நிலையில்தான் அலுவலகத்தின் ஒரே வாகனமான டபள் கெப் பிக்கப் வண்டி தண்ணீர் குடித்தது. ரத்தோட்டைப் பக்கம் தோட்டங்களுக்கு நடமாடும் சேவைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, மழையில் நிறைந்த ஓடை ஒன்றைக் கடக்கையில் இருமியது, குலுங்கியது, நின்றது. ஒரு மாதம் கராஜில் கிடந்து ஒருவழியாக உயிர் பிழைத்து வந்தது. ஆனால் காற்று இழுக்கும் பெட்டி உடைந்துபோனது. புதிதாக ஒன்று வாங்கிப் பூட்ட வேண்டும்.

சாரதி சசிக்குமாருக்கு இதில் ஒரு கனவு இருந்தது. கண்டி வீதியில் பறக்கிற பொடியன்களின் கார்களில் எல்லாம் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, பொனட்டுக்குள் கூம்பு மாதிரி ஒரு வடிகட்டியை மொட்டையாகப் பூட்டியிருக்கிறார்கள். மிதித்தால் சிங்கம் உறுமுகிற மாதிரி சத்தம் வரும். கார் வேகமாகப் போகாது. வேகமாகப் போகிற மாதிரி கேட்கும். இந்தக் காலத்துக்கு அது போதும்.

அலுவலகத்துக்கு வந்து ஆறு மாதமான விதுஷா இதைக் கேட்டதும் எழுந்து நின்றாள். பேராதனையில் விலங்கியல் படித்தவள். விவாதம் செய்ய எதிராள் கிடைக்காவிட்டால் சுவர்க் கடிகாரத்தோடு விவாதம் செய்வாள் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள்.

"அண்ணே, நம்ம ஊர் மழைக்கு மொட்டையா வடிகட்டி வச்சா தூறலைக்கூட இழுத்துக்கும். மூக்கு மேல இருக்கணும். உள்ள போற தண்ணி கீழ வடிய ஓட்டை இருக்கணும். பைப் மூட்டு எல்லாம் இறுக்கமா இருக்கணும். யானை ஆத்தைக் கடக்கிறப்ப தும்பிக்கைய எங்க வச்சுக்குது?"

"அது யானை, மிஸ். இது டீசல்."

ராமநாதன் இருவரையும் கையமர்த்தி, விடயம் கொள்கை அளவில் ஆராயப்பட வேண்டியது என்று அறிவித்து, மூன்று பேரும் மாத்தளை டவுனில் இத்ரூஸின் உதிரிப்பாகக் கடைக்குப் போனார்கள்.

இத்ரூஸ் மூன்று சாமான்களை மேசையில் வைத்தார். ஒன்று, சசிக்குமாரின் சிங்கம். இரண்டாவது, பம்பருக்குப் பின்னால் கீழே இறங்குகிற வளைந்த குழாய். குளிர்ந்த காற்றை இழுத்து எஞ்சினுக்குத் தெம்பு கொடுக்குமாம். மூன்றாவது, பொனட்டின் பக்கத்திலிருந்து கூரைவரை ஏறிப்போய், தூக்கிய தும்பிக்கை மாதிரி மேலே வாய் திறந்து நிற்கிற கறுப்புக் குழாய்.

"இது மலைக்கும் மழைக்கும் நல்ல சாமான், சேர்," என்றார் இத்ரூஸ். "தண்ணி எவ்வளவு வந்தாலும் மூச்சு மேல இரிக்கி. மத்த ரெண்டும் ஸ்டைலுக்கு."

ராமநாதன் மூன்றையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு அந்தச் சந்தர்ப்பத்துக்கு மிகவும் அவசியமான கேள்வியைக் கேட்டார்.

"இதுல எது வெளியில தெரியும்?"

"தும்பிக்கைதான், சேர். தூரத்துலேயே தெரியும்."

"அதுல ஒரு கல் பதிக்கலாமா?"

இத்ரூஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "கல்லா? எவ்வளவு பெரிய கல், சேர்?"

"பேர் எழுதுற அளவுக்கு."

"பிளாஸ்டிக் சாமான் சேர், கல்லைத் தாங்காது. பித்தளைத் தகடு வேணும்னா டேப் போட்டு ஒட்டிக்கலாம்."

ராமநாதனின் முகத்தில் அன்று கண்ட ஒளியை விதுஷா அதற்கு முன்பு கண்டதில்லை. ஈரக் காலநிலைக்குச் சரியான சாமானை அலுவலகம் தேர்ந்தெடுத்துவிட்டது. தேர்ந்தெடுத்த காரணம் பிழை. ஆனால் காரணத்தைக் கேட்கிற பழக்கம் அங்கே இல்லை.

வாங்குவதற்கு அனுமதி கேட்டுத் தலைமையகத்துக்கு எழுதினார்கள். தலைமையகம் திருப்பி எழுதியது: 'மேற்படி பொருள் ஈரக் காலநிலைக்கானது எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. எனினும் தங்கள் மாவட்டத்தில் வில்கமுவ போன்ற வறண்ட பிரதேசங்களும் உள்ளமை அவதானிக்கப்பட்டுள்ளது. எனவே வண்டியின் காலநிலை யாது?' அலுவலகத்தின் மழைமானியைப் பார்த்துப் பதில் எழுதலாம் என்று எடுத்தார்கள். அது மழையில் நனைந்து பழுதாகிவிட்டிருந்தது. கடைசியில் தலைமையகமே ஒரு வழி கண்டுபிடித்தது. வண்டி நிறுத்தப்படும் இடத்தின் காலநிலையே வண்டியின் காலநிலை. அலுவலகக் கொட்டகையின் கூரை ஒழுகுகிறபடியால் வண்டி ஈர வலயத்தைச் சேர்ந்தது எனத் தீர்மானிக்கப்பட்டது. இந்தத் தகுதியைப் பாதுகாக்கும் பொருட்டு கூரையைத் திருத்த வேண்டாம் எனவும் பணிக்கப்பட்டது.

தும்பிக்கை வந்து இறங்கியது. பூட்டிய கையோடு ராமநாதன் அதன் வாயைப் பொலித்தீனால் மூடி, சிவப்பு நாடாவால் கட்டச் சொன்னார்.

"சேர், அது காத்து இழுக்கிற வாய்," என்றாள் விதுஷா.

"தெரியும். திறந்து வைக்கிறதுக்கு முன்னால எப்படிம்மா திறந்திருக்கும்?"

"மழைத்தண்ணி போகக்கூடாதுன்னு மூடினா காத்தும் போகாதே!"

"புதுச் சாமானோட பொலித்தீனை யாராவது உடனே கழட்டுவாங்களா? உங்க வீட்டு டிவி ரிமோட் எப்படி இருக்கு?"

விதுஷா தன் வீட்டு ரிமோட்டை நினைத்துப் பார்த்தாள். அது மூன்று வருஷமாகப் பொலித்தீனில்தான் இருக்கிறது. ஆனால் விட்டுக்கொடுப்பது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம் என்பதால் வேறு பக்கமாக வந்தாள்.

"சரி சேர். பேர் போடுறவங்க போட்டுக்கட்டும். ஆனா பேர் போட்டா பொறுப்பும் எடுக்கணும். பாலம் உடைஞ்சா கல்லுல யாரு பேர் இருக்கோ அவங்கதான் பதில் சொல்லணும். இப்படி ஒரு விதி கொண்டு வந்தா நாடே திருந்திரும்."

"அருமையான ஆலோசனை," என்றார் ராமநாதன். யாராவது ஓயாமல் பேசினால் பேசியதைத் தலைமையகத்துக்கு அனுப்பிவிடுவது அவருடைய வழக்கம். அங்கே போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. அன்றைக்கே அனுப்பிவைத்தார்.

அடுத்தது பிரதம அதிதி. தன்னைத்தானே அழைத்துக்கொள்ள வழியில்லை. ஆகவே பிரதிப் பணிப்பாளர் நாயகத்துக்கு அழைப்பு அனுப்பினார். அவர் வரமாட்டார் என்ற நம்பிக்கையோடுதான். தகடுகூட இரண்டு செய்வித்தார். ஒன்றில் பிரதிப் பணிப்பாளர் நாயகத்தின் பெயர் பெரிதாகவும் ராமநாதனின் பெயர் கடைசியில் எறும்பு மாதிரியும் இருந்தது. மற்றதில் மும்மொழியிலும் ஒரே பெயர்தான். அந்த இரண்டாவது தகட்டை ஒரு துவாயில் சுற்றித் தன் பைக்குள் வைத்திருந்தார். புஷ்பவதிக்கு மட்டும் ஒருமுறை காட்டினார்.

"எழுத்து நல்லாருக்கு," என்றாள் அவள். "ஒட்டுவீங்களா, இல்ல இப்படியே துவாய்ல சுத்தி வச்சிருப்பீங்களா?"

விழா நாளும் வந்தது, மழையும் வந்தது. அலுவலக முற்றத்தில் பந்தல் போட்டு, மங்கள விளக்கேற்றி, வெற்றிலைத் தட்டு, கிரிபத் என்கிற பாற்சோறு எல்லாம் தயார். பாடசாலை பேண்ட் பிள்ளைகள் நனைந்த தொப்பிகளோடு நின்றார்கள். அப்போது பிரதிப் பணிப்பாளர் நாயகத்திடமிருந்து தொலைபேசி. தான் உக்குவளையில் சொந்தக்காரர் வீட்டில் பிக்குமாருக்குக் கொடுக்கும் தானத்துக்கு வந்திருப்பதாகவும், தன்னுடைய அரச வாகனம் மகனை டியூஷனுக்குக் கொண்டுபோகும் அத்தியாவசியக் கடமையில் இருப்பதாகவும், ஆகவே வண்டி அனுப்பும்படியும் சொன்னார்.

அலுவலகத்துக்கு இருந்தது ஒரே வண்டி. அதன் மூக்கு பொத்தியிருந்தது.

"நாடாவை அவிழ்த்துட்டுப் போய்க் கூட்டிட்டு வந்து திரும்பக் கட்டிரலாம்," என்றாள் விதுஷா.

"அப்போ அது ஏற்கனவே திறந்ததும்மா! திறந்ததை எப்படித் திறக்கிறது? பெரிய சேரை ஏமாத்துறதா?"

மூடியபடியே எடுத்துப் பார்த்தார்கள். வண்டி இரண்டு தரம் விக்கியது. மூன்றாவது தரம் விக்கவும் மறுத்தது. சசிக்குமார் பொனட்டைத் திறந்து யோசித்தான்.

"சேர், கீழ எஞ்சின் பக்கத்துல தும்பிக்கை வந்து சேர்ற பைப்பைக் கழட்டி விடுறேன். பொனட்டுக்குள்ள இருக்கிற காத்தைக் குடிச்சிட்டு ஓடும்."

"அப்போ தும்பிக்கை?"

"அது சும்மா நிக்கும்."

ராமநாதன் சிந்தித்தார். அரச சேவையில் சும்மா நிற்பது என்றைக்கும் குற்றமாகக் கொள்ளப்பட்டதில்லை. "செய்," என்றார்.

"சேர்! வயல் பக்கம் ரோட்டுல தண்ணி நிக்குதாம்," விதுஷா கிட்டத்தட்டக் கத்தினாள். "போன தடவை இதாலதானே நின்னுச்சு? இதுக்குத்தானே தும்பிக்கையே வாங்கினோம்?"

"அது பாவனைக்கு வர்றது திறப்பு விழாவுக்குப் பிறகு. இப்ப அவசரப்படுத்தாத."

சிவப்பு நாடா காற்றில் பறக்க வண்டி புறப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் மூக்கில் கட்டுப்போட்ட நோயாளி ஒருவர் கம்பீரமாகப் போகிற மாதிரி இருந்தது.

சுபநேரம் நெருங்கியபோது சசிக்குமாரின் அழைப்பு வந்தது.

"சேர், வண்டி நின்னிருச்சு. தண்ணி குடிச்சிருச்சு. வயல் தாழ்வுல நடு ரோட்டுல நிக்கிறோம்."

ராமநாதன் போனோடு எழுந்து நின்றார். "நாடா நனைஞ்சிருச்சா?"

"நாடா நல்லா இருக்கு, சேர். எஞ்சின்தான் போயிருச்சு."

"பெரிய சேர்?"

"உள்ளதான் இருக்காங்க. தண்ணி கதவு வரைக்கும் வந்திருச்சு. புதுச் சப்பாத்தாம், எறங்க மாட்டேங்கிறாங்க."

இங்கே பந்தல் இருந்தது, விளக்கு இருந்தது, பேண்ட் இருந்தது, சுபநேரமும் இருந்தது. திறக்கவேண்டிய சாமான் மட்டும் உக்குவளைத் தண்ணீரில் இருந்தது. ராமநாதன் ஒரு ஆட்டோவைப் பிடித்தார். மடியில் கத்தரிக்கோல் வைத்த தட்டு, தோளில் பை. விதுஷா பக்கத்தில் உட்கார்ந்து தட்டுக்குக் குடை பிடித்தாள். தன் தலை நனைந்தது அவளுக்கு ஆத்திரம். வேடிக்கை பார்க்காமல் விட்டால் அதைவிட ஆத்திரமாக இருக்கும் என்பதால்தான் வந்தாள்.

தாழ்வில் இரண்டு பக்கமும் பஸ்களும் லொறிகளும் வரிசை கட்டி நின்றன. நடுவில் டபள் கெப், முழங்கால் தண்ணீரில். கூரைக்கு மேல் ஒரு துளி சேறு படாமல் தும்பிக்கை நிமிர்ந்து நின்றது. உள்ளே பிரதிப் பணிப்பாளர் நாயகம் இரண்டு கால்களையும் டேஷ்போர்டில் தூக்கி வைத்திருந்தார்.

"ராமநாதன், நான் எறங்கல," என்றார் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி. "நீங்களே வெட்டுங்க. சீக்கிரம். நேரம் போகுது."

முப்பது வருஷ அரச சேவையில் ராமநாதனுக்கு வழங்கப்பட்ட உத்தரவுகளில் இவ்வளவு இனிமையானது வேறில்லை. தண்ணீரில் இறங்கினார். காற்சட்டை நனைந்தது தெரியவில்லை. துவாயை விலக்கி இரண்டாவது தகட்டை எடுத்து, பைக்குள் ஆயத்தமாக வைத்திருந்த டேப்பால் தும்பிக்கையில் ஒட்டினார். அழுத்தி அழுத்தி ஒட்டினார். பிறகு நாடாவை வெட்டினார். பொலித்தீன் கழன்று தண்ணீரில் மிதந்து போனது. பஸ்ஸில் அகப்பட்டிருந்தவர்கள் ஜன்னல்களில் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். எல்லாருடைய போனும் மேலே எழுந்தது.

தும்பிக்கை வாய் திறந்து நின்றது. கீழே மூச்சுவிட யாரும் இல்லை. சசிக்குமார் சாவியைத் திருப்பினான். 'டிக்' என்றது, அவ்வளவுதான்.

படம் அன்றைக்கே பேஸ்புக்கில் ஓடியது. "பரவால்லையே," என்றாள் புஷ்பவதி, போனை இரண்டு விரலால் விரித்துப் பார்த்து. "ஹுசைன் அண்ணன் பேரை விடப் பெருசா இருக்கு." அன்று ராமநாதனுக்கு இரண்டு அப்பளம் கிடைத்தது.

அதற்குள் இத்ரூஸின் கடையில் தும்பிக்கைக்கு அடிபிடி. பொடியன்கள் வந்து, பொலித்தீனும் சிவப்பு நாடாவும் கட்டியபடியே வேண்டும் என்று கேட்டார்கள். அவிழ்த்துவிட்டால் ஸ்டைல் போய்விடுமாம். "மூச்சு வாங்காதேப்பா," என்றார் இத்ரூஸ். "பரவால்ல நாநா, கீழ பைப்பைக் கழட்டி விட்டுட்டோம்," என்றார்கள். கண்டி வீதியில் தும்பிக்கை வைத்த கார்கள் மழைக்கு மழை தண்ணீர் குடித்து நின்றன. நிற்கிற ஒவ்வொரு காரும் பார்க்க அழகாக இருந்தது.

பிறகு விசாரணை வந்தது. அரச வண்டியைக் கெடுத்தவர் யார்? விசாரணைக் குழு எல்லாக் கோப்புகளையும் புரட்டியது. 'தீர்மானிக்கப்பட்டது', 'பணிக்கப்பட்டது', 'அவதானிக்கப்பட்டது' என்றே எங்கும் இருந்தது. தீர்மானித்தவர், பணித்தவர், அவதானித்தவர் யாரும் இல்லை. பிரதிப் பணிப்பாளர் நாயகம் தான் அந்த நேரம் கண்மூடித் தியானத்தில் இருந்ததாகச் சொன்னார். வழக்கம்போல இயற்கை அனர்த்தம் என்று எழுதி முடிக்கப் போகையில், குழுத் தலைவர் முற்றத்தில் கிடந்த வண்டியை எட்டிப் பார்த்தார்.

அங்கே பித்தளையில், மும்மொழியில், பதவியும் திகதியும் சேர்த்து ஒரு பெயர் மின்னியது.

குழுத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ விசாரணைகளில் பொறுப்பாளர் ஒருவர் பெயரோடு அகப்படுவதை அவர் அன்றுதான் கண்டார். தகட்டைக் கழற்ற முயன்றார்கள். வரவில்லை, அவ்வளவு அழுத்தி ஒட்டியிருந்தது. ராமநாதனின் பென்ஷன் விசாரணை முடியும்வரை இடைநிறுத்தப்பட்டது. அதோடு, தலைமையகத்தில் எங்கோ கிடந்த ஒரு ஆலோசனையையும் தூசு தட்டி எடுத்தார்கள். சுற்றுநிருபம் வந்தது: இனிமேல் எதில் யாருடைய பெயர் பொறிக்கப்படுகிறதோ, அதற்கு அவரே முழுப் பொறுப்பு.

வரலாற்றில் முதல் தடவையாகத் தலைமையகத்துக்குப் போனது ஒன்று திரும்பி வந்தது. விதுஷா அலுவலகம் முழுக்க அதை வாசித்துக் காட்டினாள். நாடு திருந்தப் போகிறது என்று நம்பினாள்.

நாடு திருந்தியது. அடுத்த நாளிலிருந்து ஒருவரும் எதையும் திறக்கவில்லை. கட்டி முடிந்த மதகுகள், மருந்தகங்கள், கக்கூஸ்கள் எல்லாம் பொலித்தீனும் நாடாவுமாக நின்றன. அழைப்பிதழ் வந்தால் பெரிய மனிதர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். ஹுசைன் தன் கக்கூஸ் கல்லின் மேல் இரவோடிரவாகச் சீமெந்து பூசிவிட்டார் என்று பேச்சு.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மாலை, விசாரணைக்கு வந்துவிட்டுத் திரும்பிய ராமநாதன் பஸ்ஸுக்கு நின்றார். குடையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. பக்கத்தில் விதுஷா, தொப்பலாக. இன்னும் இருபது முப்பது பேர், அவர்களும் தொப்பலாக. அவர்களுக்குப் பின்னால் புதுப் பஸ் தரிப்பிடம். நல்ல கூரை, உட்கார நல்ல வாங்குகள். வாசலில் சிவப்பு நாடா. அதற்கு இந்தப் பக்கம் எல்லாரும் மழையில் நின்றார்கள்.

"சேர், வெட்டிருங்களேன்," என்றாள் விதுஷா. விழாக் கத்தரிக்கோல் அவளுடைய பைக்குள்தான் இருந்தது. களஞ்சியக்காரர் அதைத் திரும்பப் பொறுப்பெடுக்க மறுத்த நாளிலிருந்து அங்கேயே இருக்கிறது. "உங்களுக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்கு?"

ராமநாதன் நாடாவைப் பார்த்தார். விரல்கள் தானாகவே காற்றைக் கத்தரித்தன. பிறகு கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ஒரு விசாரணை போதும்மா. நீ வெட்டு. பொறுப்பெடுக்கணும்னு சொன்னது நீதானே?"

"வெட்டத்தான் போறேன்!" என்று விதுஷா கத்தரிக்கோலை எடுத்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"எதுக்குப் படம் எடுக்கிறீங்க?"

"யாரு வெட்டுனாங்கன்னு தெரிய வேணாமா, மிஸ்? நாளைக்குக் கூரை ஏதும் ஒழுகினா?"

விதுஷா கூரையைப் பார்த்தாள். படம் எடுப்பவரைப் பார்த்தாள். "நான் சொன்னது கொள்கை அளவுல," என்றாள். கத்தரிக்கோல் மறுபடி பைக்குள் போனது. கூட்டம் முணுமுணுத்தது. ஆனால் அந்தக் கத்தரிக்கோலைத் தா என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அப்போது தெருநாய் ஒன்று மழையில் ஓடி வந்து, எல்லாருடைய கால்களுக்கும் இடையில் புகுந்து, நாடாவுக்குக் கீழே குனிந்து உள்ளே போனது. உடம்பை ஒரு தரம் உதறிவிட்டு, காய்ந்த புது வாங்கின் மேல் ஏறிச் சுருண்டு படுத்தது.

ராமநாதன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதுக்கென்னம்மா," என்றார் பெருமூச்சோடு. "அதுக்குப் பேர் கிடையாது."